பணித்திறன் மதிப்பீட்டுப் படிவம்: கோப்பு எண்ணிக்கையைக் கேட்கலாமா?

கேள்வி:
எங்கள் அரசு முகமையில் அடுத்த நிதியாண்டிலிருந்து பணித்திறன் மதிப்பீடு வருகிறது. படிவம் தயாரிப்பது என் பொறுப்பு. "மாதம் எத்தனை கோப்பு முடித்தார்" என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். பிரிவில் ஒருவரிடம் ஒரு பக்க விண்ணப்பங்கள். நாளுக்கு இருபது நகரும். இன்னொருவர் வாரிசுத் தகராறு உள்ள ஓய்வூதியக் கோப்புகளைப் பார்க்கிறார். ஒன்று முடியவே மூன்று வாரம் ஆகும். இந்தக் கட்டத்தை நிரப்பினால் அவர் வேலையே செய்யாதவர்போலத் தெரிவார். பிரிவிலேயே பொறுப்பான ஆள் அவர்தான். மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். எண்ணிக்கைதான் மதிப்பெண் என்று தெரிந்துவிட்டால் சுலபமான கோப்பு மேலே வரும், சிக்கலானது அடிக்குப் போய்விடும். ஆண்டுத் தொடக்கத்திலேயே மேலதிகாரியும் ஊழியரும் உட்கார்ந்து, அவரவர் வேலைக்கு ஏற்ப எதைப் பார்ப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பதில் 2:
நான் ரகசிய அறிக்கைக் காலத்து ஆள். மேலதிகாரி என்ன எழுதினார் என்று பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் விடுபட்ட பிறகுதான் தெரிந்தது. அதனால் சொல்கிறேன், எழுதியதை ஊழியரிடம் காட்டுங்கள். 2008-இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், பதவி உயர்வுக்கு ஐந்து ஆண்டும் 'மிக நன்று' வேண்டும். ஒருவருக்கு ஓர் ஆண்டில் மட்டும் 'நன்று'. அதை அவருக்குத் தெரிவிக்கவே இல்லை. 'நன்று' என்பதுகூட வாய்ப்பைப் பறிக்கும், எனவே எல்லாக் குறிப்பையும் தெரிவிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2009-இல் மத்திய அரசு 'ரகசிய' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, முழு அறிக்கையையும் ஊழியருக்குக் காட்டச் சொன்னது. ஆட்சேபம் எழுத இடமும் நாளும் படிவத்திலேயே இருக்கட்டும்.

பதில் 3:
முதல் ஆண்டே ஊதிய உயர்வோடு முடிச்சுப் போடாதீர்கள். அமெரிக்கக் கூட்டரசு 1978 சட்டத்தில் இடைநிலை மேலாளர்களுக்கு அப்படிச் செய்தது. 1984-இல் மாற்றியமைத்தும் சரிவரவில்லை, 1993-இல் முடித்துக்கொண்டார்கள்.

கேட்டவர்:
நன்றி. கட்டத்தை எடுத்துவிட்டேன். இன்று ஓய்வூதியக் கோப்பு பார்ப்பவரிடம், "உங்கள் வேலையில் எதைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பேனாவை எடுத்து, "ஒரே கேள்விக்காகக் குடும்பத்தை இரண்டாவது முறை அலையவிட்டேனா என்று பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். அவர் படிவத்தில் அதுதான் முதல் வரி.