மேசைக் கால்பந்தைப் போட்டி விளையாட்டாக ஆடுவது எப்படி?

ஐயாற்றுக்காரன் (திருவையாறு) கேட்டது:

எங்கள் தெரு இளைஞர் மன்றத்தில், தஞ்சாவூரில் மூடப்பட்ட ஒரு விளையாட்டுக் கூடத்திலிருந்து மேசைக் கால்பந்து மேசை ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கிப் போட்டிருக்கிறோம். கம்பிகளில் கோத்த பொம்மைகளைக் கைப்பிடியால் திருப்பிப் பந்தை எதிர்க் கோலுக்குள் அடிக்கும் ஆட்டம் இது. மொத்தம் எட்டுக் கம்பிகள், பக்கத்துக்குப் பதினொரு பொம்மைகள். முன்பு மாலையில் கேரம் பலகையைச் சுற்றி நின்ற கூட்டம் இப்போது இதைச் சுற்றி நிற்கிறது. ஆனாலும் நாங்கள் ஆடுவது ஆட்டம்தானா என்று எனக்கே ஐயமாக இருக்கிறது. ஆளுக்கு ஒரு கைப்பிடியைப் பிடித்துக் கிணற்று ராட்டினம் போலச் சுழற்றுகிறோம். பந்து எதிலோ பட்டு எங்கோ போய் விழுகிறது. வென்றவனைக் கேட்டால் அவனுக்கே எப்படி வென்றோம் என்று சொல்லத் தெரியவில்லை.

ஆடிப்பெருக்கையொட்டிப் பதினாறு இணைகளைக் கொண்டு ஒரு போட்டி நடத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மன்றத்துப் பெரியவர் ஒருவரோ, "திருவிழாக் கடையில் காசு போட்டு ஆடுகிற சாமானுக்குப் போட்டி எதற்கு?" என்கிறார். வெளிநாடுகளில் இதற்கு உலகப் போட்டியே நடக்கிறதென்று படித்தேன். அங்கே என்ன விதிகளின்படி ஆடுகிறார்கள், எதைப் பழக வேண்டும், எங்கள் பழைய மேசை அதற்குத் தாங்குமா என்று தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

குடந்தையான் எழுதியது:

தம்பி, ஏழாண்டுகள் ஜெர்மனியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அங்கே இதைக் 'கிக்கர்' என்பார்கள். பிரான்சில் 'பேபிஃபூட்', ஸ்பெயினில் 'ஃபுட்போலின்'. இதற்கான காப்புரிமையை 1923-இல் பெற்றவர் ஹரால்டு தார்ன்டன் என்ற ஆங்கிலேயர். நாடுகளுக்கிடையிலான விதிகளை 2002-இல் தொடங்கப்பட்ட சர்வதேச மேசைக் கால்பந்துக் கூட்டமைப்பு வகுத்து நடத்துகிறது. உங்கள் பெரியவருக்கு இவ்வளவு போதும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது மேசைக்கு உள்ளே இருக்கிறது.

முதல் விதியே சுழற்றக் கூடாது என்பதுதான். பந்தை அடிப்பதற்கு முன்போ பின்போ பொம்மை 360 பாகைக்கு மேல் சுற்றினால் அது தவறு. அப்படி விழுந்த கோல் கணக்கில் சேராது. இந்த ஒரு விதியை நாளைக்கே நடைமுறைப்படுத்திப் பாருங்கள், உங்கள் மன்றத்தில் இன்று வரிசையின் முன்னால் நிற்பவர்களில் பாதிப் பேர் பின்னுக்குப் போய்விடுவார்கள். அடுத்தது நேரம். ஐந்து பொம்மைகள் உள்ள நடுக் கம்பியில் பந்தைப் பத்து வினாடிக்கு மேலும், மற்றக் கம்பிகளில் பதினைந்து வினாடிக்கு மேலும் வைத்திருக்கக் கூடாது. மேசையை உலுக்குவதும் குற்றமே. இரட்டையர் ஆட்டத்தில் ஒருவர் கோல்காப்புக் கம்பியையும் இரண்டு பொம்மைக் கம்பியையும், மற்றவர் ஐந்தையும் மூன்றையும் பார்த்துக்கொள்வார். பந்து ஓடும்போது ஒருவர் கம்பியில் மற்றவர் கை வைக்கலாகாது. ஒரு சுற்று ஐந்து கோல்களுக்கு நடக்கும். பெரிய போட்டிகளில் ஐந்து சுற்றுகளில் மூன்றை வென்றவர் வெற்றி பெறுவார்.

ஆட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், கோல் அடிக்கும் கம்பியைவிட நடுக் கம்பியிலிருந்து அதற்குப் பந்தைக் கடத்தும் இடத்தில் இருக்கிறது என்பேன். எதிராளியின் ஐந்து பொம்மைகள் அசைந்துகொண்டே மறித்து நிற்கும்போது, பந்து போகப் பெரும்பாலும் இரண்டே வழிகள்தாம் உள்ளன: சுவரை ஒட்டிய சந்து, அதற்குச் சற்று உள்ளே தள்ளி ஒரு சந்து. நல்ல ஆட்டக்காரர் பொம்மையின் பாதத்தால் பந்தை மெதுவாகப் பக்கவாட்டில் உருட்டிக்கொண்டே வந்து, எதிராளி எந்தச் சந்தைக் காக்கிறார் என்று கண்டு, கடைசி நொடியில் பாதத்தின் ஓரத்தால் பந்தின் மேல் விளக்குமாற்றால் பெருக்குவது போல ஒரு வீச்சு வீசுவார். பந்து சாய்வாக மற்றொரு சந்தில் புகுந்து, மூன்று பொம்மைகள் உள்ள முன்கம்பிக்குப் போய்விடும். அடங்கி நிற்கும் பந்தை அப்படியே முன்னால் தள்ள விதி இடம் தராது, அது இன்னொரு பொம்மையையும் தொட்ட பிறகே கம்பியைவிட்டுப் போக வேண்டும். என்னுடன் ஆடிய ஒரு ஜெர்மானிய முதியவர், எனக்கு ஆறு மாதம் இதைத் தவிர வேறெதையும் சொல்லித் தரவில்லை. அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

கோல் அடிக்கப் பல முறைகள் உண்டு. அவற்றில் 'பாம்பு அடி' என்று பெயர் பெற்றது பார்க்க வியப்பாக இருக்கும். முன்கம்பியின் நடுப் பொம்மையால் பந்தைத் தளத்தோடு அழுத்திப் பிடித்து, கைப்பிடியை விரல்களால் பற்றாமல் மணிக்கட்டின் உட்புறத்தில் சாய்த்துக்கொண்டு, பந்தை இடமும் வலமும் அசைத்துக் காட்டுவார்கள். காப்பாளர் ஒரு பக்கம் விலகியதும் கைப்பிடியை மணிக்கட்டிலிருந்து உள்ளங்கைக்கு உருட்டிவிட்டால், பொம்மை ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து பந்தை அறைந்துவிடும். சுற்று 360 பாகையைத் தாண்டாததால் அது விதிக்கு உட்பட்டதே. வியர்வையில் கை வழுக்கினால் சைக்கிள் ட்யூபை நறுக்கிக் கைப்பிடியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

மன்னைக் கேரம் எழுதியது:

மேலே எழுதிய நண்பர் விதிகளைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். எனினும் பாம்பு அடியை இப்போதே பிள்ளைகளின் காதில் போட்டது எனக்கு உடன்பாடில்லை. நாளையிலிருந்து எல்லாரும் அதைத்தான் முயல்வார்கள், பந்தை அடக்கி நிறுத்த ஒருவரும் பழகமாட்டார்கள்.

நான் மன்னார்குடியில் முப்பதாண்டுகளாகக் கேரம் ஆடுபவன். கேரமையும் ஒரு காலத்தில் மழைநாள் பொழுதுபோக்கு என்றுதான் சொன்னார்கள். சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988-இல் சென்னையில்தான் அமைந்தது. நம் மரிய இருதயம் இரண்டு முறை உலக வாகையர் ஆகி, 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றார். பலகையின் அளவு, இருபத்தைந்து புள்ளி அல்லது எட்டுப் பலகை (அதாவது சுற்று) என்ற கணக்கு, கோட்டைத் தொட்டால் தவறு என்ற கண்டிப்பு எல்லாம் ஊருக்கு ஊர் மாறாமல் நிலைத்த பிறகே அதற்கு அந்த மதிப்பு வந்தது என்பது என் எண்ணம். ஆகவே நடுவர் ஒருவரை நிறுத்தாமல் போட்டி நடத்தாதீர்கள். அவர் கையில் கடிகாரம் இருக்கட்டும். அவருடைய மைத்துனர் ஆடும் ஆட்டத்தில் மட்டும் வேறொருவர் நிற்கட்டும். (சொந்த அனுபவம், விரித்துச் சொன்னால் ஒரு குடும்பம் என்னோடு பேசாது.)

பதினாறு இணைகள் என்றீர்கள். ஒரு தோல்வியோடு வெளியேற்றினால் எட்டு இணைகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடும். இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றம் என்று வையுங்கள். அப்படியானால் முப்பது அல்லது முப்பத்தொரு ஆட்டங்கள் வரும். ஆட்டத்துக்கு இருபது நிமிடம் என்றாலும் ஒரே மேசையில் பத்து மணி நேரமாவது ஆகும். பதினெட்டாம் பெருக்கன்று காலையில் எல்லாரும் ஆற்றங்கரையில்தான் இருப்பார்கள், எனவே அடுத்து வரும் சனி ஞாயிறில் வைத்துக்கொள்வது நல்லது.

கடைசல் பட்டறை (மாயவரம்) எழுதியது:

ஆட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கல்லூரி விடுதிக்காக இப்படிப்பட்ட மேசைகள் இரண்டைப் பழுது பார்த்திருக்கிறேன், அதனால் மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நம் பக்கத்து ஈரத்துக்கு அட்டைப் பலகையால் செய்த மேசை ஐப்பசி, கார்த்திகையில் ஊறி நடுவில் உப்பிவிடும். அப்புறம் பந்து எங்கே விட்டாலும் ஓரத்துக்கு ஓடும். முதலில் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கித் தளத்தின் மேல் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பாருங்கள். கால் தாழ்ந்திருந்தால் அடியில் தகடு கொடுத்துச் சரி செய்யலாம், தளமே உப்பியிருந்தால் பலகையை மாற்றியாக வேண்டும். மேசையைச் சுவரோரமாகப் போடாமல் காற்றோட்டமான இடத்தில் போடுங்கள்.

கம்பி இறுகினால் தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் எதையும் விடாதீர்கள். அவை தூசியைப் பிடித்துக் கருப்புக் களிம்பாகித் தளத்தில் சொட்டும். அந்த விடுதியில் பிள்ளைகள் செய்த வேலை அதுதான், கம்பிகளைத் துடைக்கவே எனக்கு அரை நாள் ஆயிற்று. கம்பியை உலர்ந்த துணியால் துடைத்துச் சிலிக்கோன் எண்ணெயில் இரண்டு சொட்டுத் தடவினால் போதும். கம்பி நுழையும் புஷ் தேய்ந்து ஆடினால் நைலானில் கடைந்து போட்டுக்கொள்ளலாம். பொம்மைகளின் திருகுகளை வாரம் ஒருமுறை முடுக்குங்கள். எதிர்ப்பக்கம் நீட்டும் கம்பி முனைகளுக்கு ரப்பர் மூடி போட மறக்காதீர்கள், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் சிறுவர்களின் முகம் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கும்.

ஐயாற்றுக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி ஐயா. நேற்று மாலை சுழற்றக் கூடாது என்று அறிவித்துவிட்டு ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தோம். முதல் கோல் விழப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அதுவும் எங்கள் காப்பாளரே தன் வலைக்குள் தட்டிவிட்டது. கூட்டத்தில் பாதி கலைந்து போனது. ஆனால் அந்தப் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்து, நடுக் கம்பிக்கு வினாடிகளை எண்ணத் தொடங்கிவிட்டார். அவருடைய பத்து வினாடி ஏழிலேயே முடிந்துவிடுகிறது. அதை அவரிடம் யார் சொல்வது என்பதுதான் இப்போதைய சிக்கல். ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் தெற்குக் கோல் பக்கம் தாழ்ந்திருக்கிறது. இதுவரை அந்தப் பக்கம் நின்று தோற்றவர்கள் எல்லாரும் பழைய கணக்கைத் திரும்பப் போடச் சொல்கிறார்கள்.

குடந்தையான் எழுதியது:

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பக்கம் மாறிக்கொள்ளலாம் என்ற விதியைச் சொல்ல மறந்துவிட்டேன். கணக்கைத் திரும்பப் போடுவதற்குப் பதில் அதைப் பின்பற்றுங்கள். பெரியவரிடம் ஒரு நிறுத்தக் கடிகாரத்தைக் கொடுத்துவிடுங்கள்.