தொடை ரத்தத்தில் கூந்தல் முடிப்பது: பழைய தமிழ் ஆதாரம் வேண்டும்

ஆற்காடு, குடியாத்தம் பக்கத்து திரௌபதி அம்மன் கோயில்களில் படுகளத்தன்று (பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் நாள்) மண்ணால் செய்த துரியோதனனைப் பார்த்திருப்பீர்கள். பீமன் கதையால் தொடையில் அடிப்பான், உள்ளே வைத்த செந்நீர் தெறிக்கும், அதைத் தொட்டுத்தான் பாஞ்சாலி கூந்தலை முடிவாள். இந்தக் காட்சிக்குத் தமிழ் மூலம் தேடுகிறேன்.

பார்த்தவை: வியாசர் பாரதம், சபா பருவம், பண்டார்கர் நிறுவனத்தின் ஆய்வுப் பதிப்பு. ரத்தம் குடிப்பதும் தொடை பிளப்பதும் பீமன் சபதம். ரத்தம் பூசி முடிவேன் என்று பாஞ்சாலி சொல்வதில்லை. உத்தியோக பருவத்தில் கண்ணனிடம் கூந்தலைக் காட்டுகிறாள், அவ்வளவே. வில்லிபாரதத்தில் வெற்றி முரசு அறையும்வரை முடியேன் என்கிறாள், ரத்தப்பூச்சு இல்லை. வடமொழி வேணீசம்ஹாரத்தில் அது உண்டு, ஆனால் அது நாடகம். பாரதியின் பாஞ்சாலி சபதத்தில் துச்சாதனன் ரத்தமும் துரியோதனன் ரத்தமும் கலந்தே வருகிறது.

"பாரதியைப் பார்த்துத் தெருக்கூத்தில் சேர்த்தது" என்று இப்போது படிப்பவர்கள் சுலபமாகச் சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகமே 1912இல்தான் அச்சானது, சபதம் வருவது இரண்டாம் பாகத்தில்.

1912க்கு முந்தைய கூத்து ஏட்டுச்சுவடியிலோ பழைய அச்சு நாடகத்திலோ இந்த ரத்தப்பூச்சு வரும் வரியை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?