பெங்களூர் ப்ரைடில் நடந்த நம்ம ஊர்க்காரர்கள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

காரிமங்கலத்தான்:

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ப்ரைடு, அதாவது ஒரே பாலினத்தை விரும்பும் நம்மாட்களும் திருநங்கைகளும் நடக்கும் வானவில் பேரணி என்றால் பெரும்பாலும் பெங்களூர்தான். சென்னைக்குப் போய்வர ராத்திரி பஸ்ஸில் தூக்கம் கெடும். பெங்களூருக்குக் காலையில் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். தெருவுக்கு நாலு பேர் அங்கே வேலை பார்ப்பதால், "ஒரு வேலையா பெங்களூர் போயிட்டு வர்றேன்" என்றால் யாரும் துருவிக் கேட்கவும் மாட்டார்கள். அப்படிப் போய் நடந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். எந்தக் காலத்தில் நடந்தீர்கள், அங்கே யாரைச் சந்தித்தீர்கள், அந்த நடை அப்போது உங்களுக்கு என்னவாக இருந்தது என்று எழுதுங்கள். போகாதவர்களும் எழுதலாம். இப்போது நடக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2008 ஜூன் 29, பெங்களூரில் முதல் பேரணி. அதே நாளில் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் நடந்தார்கள். கொல்கத்தா நமக்கெல்லாம் மூத்த ஊர், 1999 ஜூலை 2-லேயே 15 பேர் மஞ்சள் பனியன் போட்டு நடந்துகாட்டிய ஊர். பெங்களூரில் அன்றைக்கு வந்தவர்களுக்கு முகமூடி கொடுத்தார்கள். கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட அட்டை, பின்னால் எலாஸ்டிக். வியர்வையில் அட்டை ஊறி மூக்கோரம் பிசுபிசுத்தது. கழற்ற மட்டும் மனசு வரவில்லை. ஒரே பாலினத்தார் உறவைக் குற்றம் என்ற சட்டப்பிரிவு 377 அப்போது முழுசாக இருந்தது, வழியெல்லாம் போலீஸ் நின்றது. ஆனாலும் எனக்குப் போலீஸ் பயம் இல்லை. தருமபுரிக்காரன் எவனாவது பார்த்துவிடுவானோ என்பதுதான் பயம்.

என் பக்கத்தில் முழுக்கைச் சட்டையில் ஒருவர் நடந்தார், அவரும் முகமூடியோடுதான். கன்னடத்தில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார். நெரிசலில் அவருடைய செருப்பு வார் அறுந்தது. "அட கெரகமே" என்றார். எந்த ஊருங்க என்று தமிழில் கேட்டேன். சேலம் என்றார். நானும் சேலம்தான் என்றேன். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. ராத்திரி தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது எனக்கு முன்னால் படியில் ஒருவர், அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்குகிறார். "அண்ணே" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "டீ சாப்பிடலாமா?" என்றார். ஊரில் எனக்குக் கிடைத்த முதல் நம்மாள் அவர்தான். யார் கண்ணில் படக்கூடாது என்று முகத்தை மூடினேனோ, அப்படிப்பட்ட ஒரு தருமபுரிக்காரர்தான் அன்று முழுவதும் என் தோளோடு தோளாக நடந்திருக்கிறார்.

அடுத்த வருஷம் ஜூலை 2-ல் டெல்லி உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அண்ணனும் நானும் முகமூடி இல்லாமல் நடந்தது அதற்குப் பிறகுதான். நியாயப்படி பயம் கூடியிருக்க வேண்டும். ஆனால் ஒருமுறை குற்றவாளி இல்லை என்று கேட்டுவிட்ட காது, மறுபடி குற்றவாளி என்று கேட்க ஒத்துக்கொள்ளவில்லை. கோபம் வந்ததும் வெட்கம் போய்விட்டது. அந்த வருஷங்களில் பேரணி முழுக்க நீதிமன்றத்தைப் பார்த்துப் பேசியது. கோஷமெல்லாம் 377 பற்றித்தான்.

2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றமே நம் உறவு குற்றமில்லை என்றது. அதற்குப் பிறகு எல்லாம் மாறியது. மேளம், ஆட்டம், கம்பெனி பெயர் போட்ட டி-சர்ட், கன்னத்தில் வண்ணம் பூசிய பிள்ளைகள். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "கல்யாண ஊர்வலம் மாதிரி ஆயிடுச்சுடா, எதுக்கு நடக்கறோம்னே இதுங்களுக்குத் தெரியல" என்றார். பஸ்ஸில் ஓசூர் வரும்வரை அவரோடு சண்டை போட்டேன். இந்தச் சண்டை உலகம் முழுக்க இருக்கிறது. 1969 ஜூன் 28-ல் நியூயார்க்கில் நம்மாட்கள் கூடும் ஸ்டோன்வால் மதுக்கடையில் போலீஸ் புகுந்ததும், மக்கள் எதிர்த்து நின்றதும், ஒரு வருஷம் கழித்து அதே நாளில் அங்கே முதல் பேரணி நடந்ததும் தெரிந்த கதை. 50 வருஷம் ஆனபோது, 2019-ல், நியூயார்க் போலீஸ் கமிஷனரே அன்று செய்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் அந்த ஊரிலேயே ஒரு கூட்டம், "கம்பெனியும் வேண்டாம், போலீஸும் வேண்டாம்" என்று தனியாக ஒரு பேரணி நடத்தியது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் பயமில்லாமல் ஆடுவதைக் குறை சொல்ல என்னால் முடியாது. அவர்கள் ஆட வேண்டும் என்றுதானே நாம் வியர்வையில் ஊறினோம்?

பழைய ஸ்திரீபார்ட்:

தம்பி, நான் பேரணியில் நடந்தவன் இல்லை. பென்னாகரம் பக்கம், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கூத்தில் பெண் வேஷம் கட்டினவன். நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. அரவான் களப்பலி அன்றைக்கு மோகினி வேஷம் எனக்குத்தான். முகத்தில் அரிதாரம் இருக்கிறவரை ஊரே என்னைக் கையெடுத்துக் கும்பிடும். விடிந்ததும் தேங்காய் எண்ணெய் தேய்த்து அரிதாரத்தைத் துடைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனால், ராத்திரி கும்பிட்ட அதே ஆள் "ஏய் ஒம்பது" என்று கூப்பிடுவான்.

எங்கள் காலத்தில் பேரணி ஏது? கூவாகம்தான். சித்திரைப் பௌர்ணமிக்கு நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து போவோம். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லுவோம், அதில் பொய்யும் இல்லை. கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்துவிட்டு ஊருக்குத் திரும்பினால் பெண்டாட்டி பிள்ளைகள். அந்த ஒரு ராத்திரி மட்டும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கோரிக்கை, கோஷம் எதுவும் தெரியாது. கேட்டதெல்லாம் சாமியிடம்தான்.

போன பங்குனியில் கூத்தைப் படம்பிடிக்க ஒரு காலேஜ் பையன் வந்தான். பையில் சின்னதாக வானவில் வண்ண பேட்ஜ் குத்தியிருந்தான். வேஷம் கலைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, நீங்களும் நம்மாளா?" என்று கேட்டான். பொழுது விடிந்த பிறகு, வெளிச்சத்தில், மரியாதையோடு என்னிடம் அப்படி யாரும் கேட்டதே இல்லை. ஆமாம் என்றேன். போனில் பேரணிப் படங்களைக் காட்டினான். பட்டப்பகலில் பெற்றவர்களோடு கைகோத்து நடக்கிறார்கள். சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பேரணி ஒரு நாற்பது வருஷம் முன்னால் வந்திருந்தால் என் பெண்டாட்டி வேறொரு நல்ல வாழ்க்கை வாழ்ந்திருப்பாள். அவள் பட்டதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இப்போதைய பிள்ளைகள் வீட்டில் உண்மையைச் சொல்கிறார்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம், ஒரு பெண்பிள்ளை தப்பித்தாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பர்கூர் அக்கா:

முகமூடி, முகமூடி என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எங்களுக்கு எந்தக் காலத்திலும் முகமூடி கிடையாது. திருநங்கை கடைவீதியில் நடந்தாலே அது பேரணிதான். டோல்கேட்டில் நின்றாலும், ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் பத்துக் கண்கள் எங்கள் மேல்தான் இருக்கும். அதனால் ப்ரைடில் நடக்கும்போது "வெளியே வந்தோம்" என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எங்களோடு மற்றவர்களும் வெளியே வருகிறார்கள், இன்றைக்கு ஒரு நாள் நான் தனியாக இல்லை, அவ்வளவுதான் தோன்றும்.

ஸ்டோன்வால் கதையில் ஒன்றை விட்டுவிட்டீர்கள் தம்பி. எங்களைப் போன்ற சில்வியா ரிவேரா அந்தக் காலத்துப் போராட்டங்களில் முன்னால் நின்றவர். 1973-ல் நியூயார்க் பேரணி மேடையில், சிறையில் கிடக்கும் நம் ஆட்களைப் பற்றி அவர் பேச ஏறியபோது கூட்டம் கத்திக் கூச்சல் போட்டது. அந்தக் கூச்சலோடுதான் பேசி முடித்தார். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது பெங்களூரில் சந்தித்த ஒரு வயசான ஹிஜ்ரா அம்மா. நடந்து முடிந்து ஓரமாக உட்கார்ந்து, கால் வீங்கியிருந்ததால் கொலுசைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கூட்டம் பெருசாகும்போது யாரை ஓரத்துக்குத் தள்ளறாங்கன்னு பாத்துக்கோ." அதிலிருந்து ஒவ்வொரு பேரணியிலும் நான் பார்ப்பது அதைத்தான்.

எங்களுக்குக் கொண்டாட்ட நாள் ஏப்ரல் 15. 2008-ல் தமிழ்நாட்டில் எங்களுக்கென்று நல வாரியம் வந்தது, 2014-ல் அதே தேதியில் எங்களை மூன்றாம் பாலினமாக ஏற்ற உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு வந்தது. அதைக் கொண்டாட ஜூன் மாதத்தில் நடப்பவர்களில் எத்தனை பேர் வருகிறீர்கள்?

ஓசூர் பொண்ணு:

அக்கா கேட்டது சரிதான், நான் வந்ததில்லை. ஆனால் பெண்களைப் பற்றியும் பேச வேண்டும். கூவாகம், பார்க், பஸ் ஸ்டாண்ட் என்று எதுவுமே எங்களுக்கு இருந்ததில்லை. ராத்திரி வெளியே போக முடிந்தால்தானே? எனக்கு முன்னால் இருந்த தலைமுறைப் பெண்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால், கல்யாணம் ஆகிப் போனார்கள் என்பதுதான் பதில்.

நான் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறேன். முதல் தடவை பெங்களூர் பேரணிக்குப் போனபோது டவுன் ஹால் பக்கத்தில் என் ஹாஸ்டலிலேயே, இரண்டு ரூம் தள்ளி இருக்கும் அக்காவைப் பார்த்தேன். தினமும் பைப்படியில் குடத்தோடு நிற்கும்போது பார்க்கிற முகம். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். அவர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று ஷிஃப்ட் லீவுக்குக்கூட ஊருக்குப் போகாமல் இருந்தவர்.

காரிமங்கலம் அண்ணன் காலத்தில் ஊர் பார்த்துவிடக்கூடாது என்று நடந்தார்கள். நான் ஊர் பார்க்க வேண்டும் என்றே நடக்கிறேன். கேமரா இருக்கும் பக்கமாகப் போய் நிற்பேன். படத்தை நானே இன்ஸ்டாகிராமில் போட்டேன், சித்தி மகன் பார்த்து அம்மாவுக்கு அனுப்பினான். அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் மாப்பிள்ளைப் பேச்சு நின்றுவிட்டது.

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-ல் போலீஸ் தொல்லை கூடாது, "மாற்றுகிறேன்" என்று சிகிச்சை கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் கல்யாண உரிமை இல்லை என்றது. 2025 மே மாதம், வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணைச் சென்னை உயர் நீதிமன்றம் அவள் தோழியோடு போகவிட்டது. குடும்பமாக இருக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்று எழுதியது. அந்தத் தீர்ப்பு வந்த ராத்திரி நானும் பைப்படி அக்காவும் செய்தியை மாற்றி மாற்றிச் சத்தமாகப் படித்தோம். எங்கள் தலைமுறைக்குப் பேரணி வீட்டைப் பார்த்து நடப்பது. போலீஸும் கோர்ட்டும் எங்களுக்கு அதற்கப்புறம்தான்.

அரூர் அப்பா:

என் மகனுக்காக எழுதுகிறேன். அவன் சென்னையில் இருக்கிறான். ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை எழும்பூர்ப் பக்கம் நடந்த பேரணிக்கு அவனோடு போனேன். வேட்டியில் போகலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றான். "என் மகன், என் பெருமை" என்று எழுதிய அட்டையைக் கையில் கொடுத்தான். கொஞ்ச தூரம் போவதற்குள் ஒருவர் வந்து என் கையைப் பிடித்தார். "எங்கப்பா வந்த மாதிரி இருக்குங்க" என்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைவிட மூத்தவர். என்ன சொல்வதென்று தெரியாமல் கடைசிவரை அவர் கையை விடாமல் நடந்தேன். எனக்கு எழுத வராது, இவ்வளவுதான்.

காரிமங்கலத்தான்:

அரூர் ஐயா, உங்கள் பதிவை அண்ணனுக்குப் போனில் படித்துக்காட்டினேன். அடுத்த முறை வேட்டியில்தான் வருவேன் என்கிறார்.

ஒன்று கேட்கிறேன். நாம் எல்லோரும் பெங்களூரிலும் சென்னையிலும் நடந்ததைத்தான் எழுதியிருக்கிறோம். தருமபுரி நாலு ரோட்டிலோ கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலோ நடக்க முடியுமா? எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. நம் மாவட்டத்தில் காதலுக்காக வீடுகள் எரிந்ததைப் பார்த்தவன் நான். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாயில் என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆணும் பெண்ணும் சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்கே அந்தக் கதி. பெங்களூரில் கொடி பிடிப்பதும் இங்கே பிடிப்பதும் ஒன்றில்லை.

ஓசூர் பொண்ணு:

ஓசூரில் முடியும் அண்ணா. பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள். முதலில் ஓசூரில் நடப்போம்.

பர்கூர் அக்கா:

நாங்கள் இங்கே நடந்துகொண்டுதான் இருக்கிறோம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் வீட்டுமனைப் பட்டா கேட்டு எத்தனை தடவை கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருக்கிறோம். மனு கொடுக்கும்போது நாங்கள் மட்டும்தான் நிற்கிறோம். கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம். பத்துப் பேர் வந்து எங்களோடு வரிசையில் நில்லுங்கள், போதும். யாராவது கேட்டால் தெரிந்தவர்கள் என்று சொல்லுங்கள்.

ஓசூர் பொண்ணு:

வர்றேன்க்கா. அடுத்த திங்கள் எனக்கு நைட் ஷிஃப்ட்தான். எத்தனை மணிக்கு வரட்டும்?

பர்கூர் அக்கா:

காலையில் பத்து மணிக்குள் வந்துவிடு. அந்தப் பைப்படி அக்காவையும் கூட்டி வா.