[கலைச்சொல்] பூல் ஆட்டத்தின் இரண்டு ‘கோஸ்ட்’களுக்கும் ஒரே சொல் வேண்டுமா?

மடல் 1

வணக்கம். பூல் (pool, குழிகளுள்ள மேசையில் கோலால் பந்தடிக்கும் ஆட்டம்) பயிற்சிச் சொற்பட்டியலில் ‘கோஸ்ட்’ (ghost, பேய்) இரண்டு இடத்தில் வருகிறது. கோஸ்ட் பால் என்பது, இலக்குப்பந்தைத் தொடும் கணத்தில் வெள்ளைப்பந்து இருக்க வேண்டிய இடம். இன்னொன்று, தனியாகப் பயிலும்போது எதிரே இருப்பதாகக் கொள்ளும் ஆட்டக்காரர். ‘பேய்ப்பந்து’, ‘பேய் எதிராளி’ எனலாமா?

மடல் 2

> பேய்ப்பந்து

வேண்டாம் நண்பரே. கற்பவருக்கு அந்தச் சொல் எதையும் காட்டாது. ‘நிழற்பந்து’ இன்னும் சிக்கல்: மேசைக்கு மேல் விளக்கு எரிகிறது, ஒவ்வொரு பந்துக்கும் உண்மையான நிழலே விழுகிறது.

என் பரிந்துரை ‘தொடுநிலைப்பந்து’. பயிற்சியே இதிலிருந்துதான் தொடங்குகிறது. பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. இலக்குப்பந்துக்குப் பின்னால், குழியின் நேர்கோட்டில், இன்னொரு பந்தை ஒட்டி வையுங்கள். அது துணியைத் தொடும் புள்ளியில் சிறு வில்லை ஒட்டிவிட்டுப் பந்தை எடுத்துவிடுங்கள். வெள்ளைப்பந்தின் நடு அந்தப் புள்ளிக்கு மேல் வந்து சேர வேண்டும். இலக்குப்பந்தின் தொடுபுள்ளியையே குறிவைப்பவர்களுக்கு வெட்டு அடியில் (இலக்குப்பந்தைப் பக்கவாட்டுக் கோணத்தில் அனுப்பும் அடியில்) பந்து தடிமனாக, அதாவது வேண்டியதைவிட நடுவை ஒட்டி, பட்டுவிடும்.

புள்ளிக்குச் சரியாக வந்தும் தவறுவதுண்டு. பந்துகள் உரசும்போது இலக்குப்பந்து வெள்ளைப்பந்து செல்லும் பக்கமாகச் சற்று இழுபடும். மெதுவாக, சுழற்சியின்றிச் சறுக்கி வரும் அடியில் இது கூடுதல். 3 பாகை விலகினால் ஒரு மீட்டரில் 5 செ.மீ. தள்ளிப் போகும், குழி தாங்காது. அப்போது சற்று மெல்லியதாக, நடுவிலிருந்து இன்னும் விலகிப் படும்படி, வெட்ட வேண்டும்.

மடல் 3

தொடுநிலைப்பந்துக்கு என் ஆதரவு. எதிராளிக்கு ‘பிழையிலி’ எனலாம். ஒப்பிலி, இணையிலி போல. இந்த எதிராளியின் இலக்கணமே அதுதான்: நீங்கள் ஒரு பந்தைத் தவறவிட்டால் மீதியெல்லாம் அவர் போட்டதாகக் கணக்கு, ஆட்டம் அவருக்கு.

ஒன்பது பந்தில் தொடங்கினால் மனம் சோர்ந்துவிடும். மூன்று பந்தை மேசையில் பரப்பி, வெள்ளைப்பந்தை விரும்பிய இடத்தில் வைத்து, எண் வரிசையில் போடுங்கள். பத்தில் ஏழு வென்றால் நான்கு பந்து. எந்தப் பந்தில் ஆட்டம் முறிந்தது என்று குறித்துவையுங்கள். தவறிய அடியைவிட, அதற்கு முந்தைய அடியில் வெள்ளைப்பந்து தவறான பக்கம் நின்றதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

மடல் 4

> பிழையிலி

‘ஏதிலி’ நினைவு வருமோ என்று தயங்கினேன். வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “ஐந்து பந்துப் பிழையிலியை 7–4 என வென்றார்.” நன்றாகவே நிற்கிறது. ‘தவறா எதிராளி’ நீளம்.

ஆனால் விளக்கக் குறிப்பில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். பிழையிலி தற்காப்பு அடி (பந்தைக் குழியில் போடாமல், எதிராளிக்குக் கடினமான நிலையை விட்டுவைக்கும் அடி) ஆடமாட்டார், வெள்ளைப்பந்தை ஒளித்து வைக்கமாட்டார். வேறு பந்துக்குப் பின்னால் மறைந்த பந்தை, வெள்ளைப்பந்தை மேசை விளிம்பில் மோதவிட்டு எடுப்பதை மனித எதிராளியிடம்தான் கற்க முடியும். அவர் சற்றே மேலானவராக இருந்தால் போதும். ஃபார்கோ மதிப்பில் (பூல் ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண்) 100 புள்ளி இடைவெளி என்றால் அவர் இரண்டு ஆட்டம் வெல்ல நீங்கள் ஒன்று வெல்வீர்கள். அதற்கு மேல் போனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரமே அதிகம். கோல் கையில் இருக்கும், பந்து அவரிடம் இருக்கும்.

‘தற்காப்பு அடி’ இன்னும் பட்டியலில் ஏறவில்லை. ‘மறைப்படி’ என்ற மாற்றும் கையில் உள்ளது. ஒளித்து வைக்காமல் தொலைவில் மட்டும் விடும் அடிக்கு அது பொருந்துமா என்று சொல்லுங்கள்.