வர்ணித்து எழுதப் பழக்குவது: வகுப்பில் எது எடுபடுகிறது, எது சொதப்புகிறது?

மும்பையில் தமிழ் கற்பிக்கும் மூவரின் குறிப்புகள் இவை.

மாட்டுங்காவிலிருந்து:

பூக்கடையைப் பற்றி எழுதச் சொன்னால் பெரும்பாலும் வருவது இதுதான்: ‘பூக்கடை மிகவும் அழகாக இருந்தது. பலவகைப் பூக்கள் இருந்தன.’ பூ என்று கண்ணுக்குத் தெரிந்த மறுநொடியே மூக்கும் விரலும் வேலையை விட்டுவிடுகின்றன. அதனால் முதல் வகுப்பில் கண்ணுக்கு லீவு கொடுங்கள். தொல்காப்பிய மரபியல் உயிர்களின் அறிவைத் தொடுதலில் தொடங்கி நாக்கு, மூக்கு, கண், செவி, மனம் என்று அடுக்குகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் தொடுதலில் தொடங்குவதுதான் சுலபம்.

ஒரு துணிப்பையில் நான்கு பொருள் போதும்: விரலி மஞ்சள், கொட்டை எடுக்காத புளி, தேங்காய் நார், வாழைப்பூ மடல். எல்லாம் இங்கே ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளிலேயே கிடைக்கும். ஒரு பிள்ளை கையை விட்டு ஒரு நிமிடம் துழாவிச் சொல்லட்டும், பக்கத்துப் பிள்ளை சொன்னது சொன்னபடி எழுதட்டும். பொருளின் பெயரை மட்டும் சொல்லக் கூடாது. ஆறு பேருக்கு மேல் போனால் காத்திருக்கும் பிள்ளைகள் பேச்சில் இறங்கிவிடுவார்கள்.

புளிக்கு வருவதைப் பாருங்கள்: ‘பிசுக்கு பிசுக்குன்னு இருக்கு. விரலை எடுத்தாலும் நூல் மாதிரி கூடவே வருது. உள்ளே வழுவழுன்னு ஏதோ கல்லு.’ இதில் கை வைக்காதீர்கள். ‘பசைத்தன்மை உடையது’ என்று திருத்தினால் புளி போய்விடும், பாடப்புத்தகம்தான் மிஞ்சும். ‘விரலை எடுத்தாலும் நூல் மாதிரி கூடவே வருகிறது’ என்று வினைமுடிவை மட்டும் எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் போதும். ல, ள, ழ பிழைகளை இரண்டாம் பிரதியில் பார்த்துக்கொள்ளலாம். முதல் பிரதியில் சிவப்பு மை பட்டால், பிள்ளை அடுத்த முறை எழுத்துக்கூட்டத் தெரிந்த சொல்லை மட்டும்தான் எழுதும்.

தாராவியிலிருந்து:

ஓசைக்குப் பலரும் இரட்டைக்கிளவிப் பட்டியல் கொடுத்து ‘வாக்கியத்தில் அமைக்க’ என்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் ‘மழை சலசலவென்று பெய்தது’ என்றுதான் வரும். சலசலப்பது ஓடையும் இலையும். ஜூன், ஜூலையில் ஜன்னலோரம் 3 நிமிடம் பேசாமல் உட்கார வைத்துப் பாருங்கள். தகரக் கூரையில் தடதட, நீலத் தார்ப்பாயில் படபட, கூரை விளிம்பிலிருந்து வாளிக்குள் சொட்சொட்! ஒரே மழைக்கு மூன்று சொல். முதலில் காது கேட்கட்டும், சொல் பிறகு வரட்டும்.

தமிழ்ச் சொல் கிடைக்காமல் இந்தியோ மராத்தியோ வந்தால் தடுக்க வேண்டாம். அதையே தமிழ் எழுத்தில் எழுதி அடிக்கோடு போடச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டியிடமோ அம்மாவிடமோ கேட்டு மறு வகுப்பில் நிரப்பலாம். கேட்டு வாங்கிய சொல் மறக்காது.

செம்பூரிலிருந்து:

ஐம்புலனுக்கும் கட்டம் போட்ட அட்டவணை சொல் சேர்க்க நல்லது, கட்டுரை எழுத ஆகாது. அதைப் பார்த்து எழுதினால் ‘பார்த்தேன், கேட்டேன், நுகர்ந்தேன், சுவைத்தேன்’ என்று வரிசையாக வந்து நிற்கும். ஒரு பத்திக்கு இரண்டு புலன் போதும். பிறகு அந்த வினைகளையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். ‘பூண்டு வாசனையை நுகர்ந்தேன்’ என்பதைவிட ‘பூண்டு வதங்கும் வாசனை மாடிப்படி வரை வந்தது’ என்றால் வீடே தெரிகிறது. ‘அழகான, நல்ல, மிகவும்’ மூன்றுக்கும் ஒரு மாதம் தடை. ‘நிலவு போன்ற முகம்’ மாதிரி இரவல் உவமைக்கும் அதே தடைதான்.

சுவைக்கு நெல்லிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கடியில் புளிப்பு, பிறகு நாக்கை இழுக்கும் துவர்ப்பு, மேலே ஒரு வாய் தண்ணீர் குடித்தால் இனிப்பு. ஒன்றன்பின் ஒன்றாக மாறுவதால், பிள்ளை ‘முதலில்’, ‘பிறகு’ என்று தானாகவே நான்கு வரி எழுதிவிடும். இனிப்பில்தான் பெரும்பாலும் பென்சில் நிற்கும். அங்கே அவசரப்படுத்தாமல் இன்னொரு வாய் தண்ணீர் கொடுங்கள். எதைச் சாப்பிடக் கொடுத்தாலும் ஒவ்வாமை உண்டா என்று முந்தின நாளே பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேர்க்கடலை, முந்திரி வேண்டவே வேண்டாம்.