மதிப்பெண் இல்லாத பாடவேளை

மதுரை அக்கா: சின்னவன் பள்ளியில் வாரம் ஒரு பாடவேளையை மனநலத்துக்கு ஒதுக்கப் போகிறார்களாம். பெற்றோரிடம் கருத்துக் கேட்டுப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். என்ன எழுதுவது?

பெரியப்பா: சந்தோஷத்தைப் பாடமாக நடத்த முடியுமா? அந்த நேரத்தில் விளையாட விட்டாலே போதும்.

டெல்லி அத்தை: விளையாட்டும் வேண்டும் அண்ணா. ஆனால் ஓய்வு பெறும்வரை இந்தப் பாடத்தை நானே நடத்தியிருக்கிறேன். 2018 ஜூலையில் டெல்லி அரசுப் பள்ளிகளில் 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' என்ற பெயரில் தலாய் லாமா இதைத் தொடங்கிவைத்தார். நான் நடத்தியபோது எட்டாம் வகுப்பு வரை தினமும் 45 நிமிடம், மழலையருக்கு மட்டும் வாரம் இரண்டு நாள். தேர்வு கிடையாது. கையேடுகூட ஆசிரியருக்குத்தான்.

பெரியப்பா: ஆமாம், 2020-ல் மெலனியா டிரம்ப் ஒரு பள்ளிக்கு வந்து பார்த்த படம் பேப்பரில் வந்ததே! வகுப்பில் என்னதான் செய்வீர்கள்?

டெல்லி அத்தை: முதலில் சில நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பார்கள், அல்லது சுற்றிக் கேட்கும் சத்தங்களை. மந்திரம், பிரார்த்தனை எதுவும் இல்லை. பிறகு ஒரு கதை. முடிந்ததும் நீதி என்ன என்று கேட்க மாட்டோம். "உனக்கு இப்படி நடந்திருக்கிறதா, அப்போது என்ன செய்தாய்?" என்றுதான் கேட்போம். அதே கதையை வீட்டில் சொல்லி, அவர்கள் நினைப்பதையும் கேட்டு வரச் சொல்வோம். மறுநாள் பேச்சு அங்கிருந்து தொடரும்.

ஒருநாள் கோபத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. வாடகைப் பணத்துக்காக வீட்டில் சண்டை நடந்தால் மறுநாள் தனக்கு எழுதவே கை வராது என்றான் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். ஆசிரியர் அறையில் அவனுக்குச் சோம்பேறி என்று பெயர். கணக்கு வகுப்பில் இதை அவன் யாரிடம் சொல்லியிருப்பான்?

மதுரை அக்கா: பாவம். ஆனால் அத்தை, இதைவிடப் பெரிய விஷயம் வெளியே வந்தால் ஆசிரியர் என்ன செய்வார்?

டெல்லி அத்தை: சரியான கேள்வி கண்ணு. எல்லாவற்றையும் ஆசிரியரே தீர்க்க முயலக் கூடாது. சாப்பாட்டை ஒதுக்குகிற, சாவைப் பற்றிப் பேசுகிற பிள்ளைக்கு மனநல ஆலோசகர் வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழைத்தால் தமிழிலேயே பேசலாம். பள்ளியில் ஆலோசகர் உண்டா என்று படிவத்திலேயே கேள்.

இன்னும் இரண்டையும் எழுது. தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது இந்தப் பாடவேளைதான். அதைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுக்கக் கூடாது. மதிப்பெண்ணும் போடக் கூடாது. போட்டால் பிள்ளைகள் மனதில் இருப்பதை விட்டுவிட்டு, ஆசிரியருக்குப் பிடித்த பதிலைச் சொல்லக் கற்றுக்கொள்வார்கள்.

மதுரை அக்கா: மூன்றையும் எழுதிவிடுகிறேன் அத்தை.

பெரியப்பா: வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் இருக்கிறது. நானும் பேசிப் பார்க்கிறேன். அந்தக் கையேடு தமிழில் உண்டா அம்மா?

டெல்லி அத்தை: என்னிடம் இருப்பது இந்தி, அண்ணா. நான்கைந்து கதைகளைத் தமிழில் எழுதி அனுப்புகிறேன். எந்த வகுப்புக்கு?

பெரியப்பா: ஐந்தாம் வகுப்பு. வியாழக்கிழமைக்குள் அனுப்பு.