அம்பாசிடர் மார்க் 4: பின்பட்டை வேலைக்கு அப்புறம் 60-ல உறுமல், எங்க பாக்கணும்?

ஈரோடு_அம்பி

வணக்கம். வண்டி 1986 மார்க் 4 பெட்ரோல், அப்பா வாங்குனது. பின்னாடி ரொம்ப தாழ்ந்துபோயி மூணு பேர் உக்காந்தாலே குழியில டம்முனு இடிக்கும், அதனால பட்டை (பின் அச்சைத் தாங்குற லீஃப் ஸ்பிரிங்) கடைல விட்டேன். ரெண்டு பக்கமும் பட்டையைக் கழட்டி வளைவு ஏத்தி செட்டிங் பண்ணி, பக்கத்துக்கு ஒரு பட்டை எக்ஸ்ட்ரா சொருகி, ஷேக்கிளையும் (பட்டையோட பின்முனையை வண்டியோட இணைக்கிற துண்டு) நீளமா செஞ்சு மாட்டிட்டாங்க, ரப்பர் புஷ் எல்லாம் புதுசு. நிக்கிற அழகு சும்மா கும்முனு இருக்கு, அதுல ஒரு குறையும் இல்ல.

ஆனா 55 கிலோமீட்டர் வேகம் தாண்டுனதும் தரைக்கு அடியில இருந்து ஒரு உறுமல் ஆரம்பிக்குது. 60, 65-ல பின்சீட்டுல இருக்கவங்க பாதத்துல நல்லா தெரியுது, உள்கண்ணாடில பின்னாடி வர்ற வண்டியே கலங்கலாத்தான் தெரியுது. ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா அதிகம், காலை எடுத்தா பாதியாயிடுது. ஸ்டியரிங்ல ஒன்னும் இல்ல. வீல் பேலன்சிங் பண்ணியாச்சு, ஒரு மாத்தமும் இல்ல. கடைக்காரர்கிட்ட கேட்டா பழைய வண்டி அப்படித்தான் சார் இருக்கும்ங்கிறாரு, ஆனா வேலைக்கு விடுறதுக்கு முன்னாடி இந்த சத்தம் சுத்தமா கிடையாது. யூஜே கிராஸ் (கியர்பாக்ஸ்ல இருந்து பின்னாடி போற தண்டோட முனை மூட்டு) போச்சுன்னு ஒருத்தர், கிரவுன் பினியன் (பின் அச்சுக்குள்ள இருக்க பல்சக்கரம்) போச்சுன்னு இன்னொருத்தர். எதுல கை வைக்கிறதுன்னு தெரியல, சொல்லுங்கப்பா.

ஸ்பேனர்செட்

கிரவுனைத் தொடாதீங்க. நல்லா ஓடுன கிரவுன் பட்டை மாத்துன அன்னிக்கே போகாது. எது மாறுச்சோ அங்க இருந்து ஆரம்பிக்கணும், உங்க வண்டில மாறுனது உயரமும் ஷேக்கிளும்.

மொதல்ல ஒரு ஓட்டம். 60-ல டாப் கியர்ல போயி உறுமலைக் கேளுங்க, அதே வேகத்துல தேர்டுக்கு மாத்துங்க. இஞ்சின் வேகம் ஏறியும் உறுமல் அப்படியே இருந்தா இஞ்சின், கிளட்ச் பக்கம் பிரச்சனை இல்ல, கியர்பாக்ஸுக்குப் பின்னாடிதான். வீல் இல்லைன்னு எப்படி சொல்றேன்னா, 15 இன்ச் வீல் 60-ல செகண்டுக்கு 8 சுத்துதான் சுத்தும், அது கோளாறு பண்ணுனா சீட்டு குலுங்கும், எண்ணிக்கூட பாத்துடலாம். ப்ரொபெல்லர் ஷாஃப்ட், அதான் கியர்பாக்ஸ்ல இருந்து பின் அச்சுக்குப் போற தண்டு, அதை விட நாலு மடங்குக்கு மேல சுத்துது, செகண்டுக்கு 35 கிட்ட. அதுல வர்ற அதிர்வு குலுக்கலா வராது, உறுமலாத்தான் வரும், நீங்க சொல்றது அதுதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். யூஜே கிராஸ் கோணத்துல சுத்தும்போது ஒரு சுத்துக்குள்ள ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும். முன்னாடி கிராஸ்ல கூடுறதை பின்னாடி கிராஸ் கழிச்சு விட்டுடும், ஆனா ரெண்டு பக்கமும் கோணம் ஒன்னா இருந்தாத்தான் கழியும். கியர்பாக்ஸ் வால் கீழ பாத்து 3 டிகிரி சாஞ்சிருந்தா பினியன் மூக்கு (பின் அச்சுல ஷாஃப்ட் மாட்டுற முன்முனை) மேல பாத்து அதே 3 இருக்கணும். ஷேக்கிளை நீட்டுனா பட்டையோட பின்முனை மட்டும் கீழ இறங்கும், பட்டை சாயும், அதோட சேர்ந்து பின் அச்சு ஹவுசிங்கும் திரும்பி மூக்கைத் தூக்கிடும். மிதிக்கும்போது மூக்கு இன்னும் தூக்கும், உங்களுக்கு மிதிச்சா அதிகமாகுறதுக்குக் காரணம் இதுவாத்தான் இருக்கும்னு எனக்குத் தோணுது.

அளந்து பாருங்க. பிட்ல (அடியில நின்னு வேலை பாக்குற குழி) விட்டு, வீல் நாலும் தரையில இருக்கும்போதே அளக்கணும், ஜாக்ல தொங்கவிட்டு அளந்தா ஒன்னுக்கும் உதவாது. சம்ப் (இஞ்சின் அடியில இருக்க ஆயில் தொட்டி) விளிம்புல ஒரு ரீடிங், அது கிராங்க் தண்டுக்கு இணையா இருக்கும், கிராங்க் எப்படியோ அப்படித்தான் கியர்பாக்ஸும். பின்னாடி பினியன் ஃபிளேஞ்ச் (ஷாஃப்ட்டை போல்ட் போட்டு மாட்டுற தட்டு) முகத்துல ஒரு ரீடிங். காந்தம் வச்ச ஆங்கிள் கேஜ் கம்மி விலைக்குத்தான் கிடைக்குது, இல்லைன்னா போன்ல ஆப் போதும். வித்தியாசம் ஒரு டிகிரி, மிஞ்சிப்போனா ஒன்னரை, அதுக்கு மேல போகக் கூடாது. அப்படியே கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பரையும் பாத்துடுங்க, ஆயில்ல ஊறி தொங்கிப்போயிருந்தா அளவே பொய்யாயிடும்.

சும்மா_வந்தேன்

கிரவுன் போச்சுன்னு சொன்னவர் பக்கத்துலயே கிரவுன் செட் விக்கிற கடை இருக்கான்னு மொதல்ல விசாரிங்க 😀

யாழ்_ஒக்ஸ்போர்ட்

வணக்கம் தம்பி, யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட வீட்டில ஒரு மொரிஸ் ஒக்ஸ்போர்ட் சீரிஸ் 3 நிக்குது, உங்கட அம்பாசிடர் அதில இருந்துதானே வந்தது, அதால அடிப்பாகம் எனக்கு நல்ல பழக்கம்.

ஸ்பேனர்செட் சொன்னது சரி, ஆனா கோணம் பாக்கிறதுக்கு முதல் அக்சில் நேரா இருக்குதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. பட்டையளைச் சேத்துப் பிடிக்கிற நடு போல்ட்டின்ர தலை அக்சில் தட்டில இருக்கிற ஓட்டைக்குள்ள சரியா இருக்கோணும். அது கொஞ்சம் விலகி ஏறி நிண்டாலும் பட்டையை அக்சிலோட கட்டுற யூ போல்ட்டை இறுக்கிப்போட்டுப் போயிடுவாங்கள், வெளியில தெரியாது. ரெண்டு பக்கமும் முன்சில்லு (வீல்) நடுவில இருந்து பின்சில்லு நடு வரைக்கும் அளவுங்கோ, 97 இஞ்சி வரோணும். எண்ணிக்கையை விட முக்கியம் ரெண்டு பக்கமும் ஒண்டா இருக்கிறது.

மற்றது புஷ். ஷேக்கிள் நட்டுகளை வாகனத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு கடைசி இறுக்கு இறுக்கினவங்களெண்டா ரப்பர் முறுகினபடியே நிக்கும். தளர்த்தி, சில்லில பாரம் நிக்கேக்க திருப்பி இறுக்கோணும். பட்டை வேலைக்கு ஷாஃப்டைக் கழட்டினவங்களோ எண்டும் கேளுங்கோ. கழட்டினவங்களெண்டா, அடையாளம் போடாமல் பூட்டியிருந்தா பிளேஞ்ச் நாலு போல்ட்டையும் கழட்டி அரைச்சுத்துத் திருப்பிப் பூட்டி ஓடிப் பாருங்கோ, சில வேளை அதிலயே போயிடும். ஷாஃப்ட் குழாயிலயே ஸ்ப்ளைன் (பல்லு வெட்டின பொருத்து) இருக்கிற வகையெண்டா ரெண்டு நுனி யோக்கும் (கிராஸைப் பிடிக்கிற கவை) ஒரே நேரில நிக்குதோ எண்டும் பாக்கோணும், ஒரு பல்லு மாறிப் பூட்டினாலும் உந்தச் சத்தம் வரும்.

ஈரோடு_அம்பி

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். யாழ் அண்ணா, ஷாஃப்ட்டை அவங்க கழட்டவே இல்லையாம், போல்ட் தலையில பழைய அழுக்கு அப்படியே இருக்கு, அதனால நம்புறேன். வீல் அளவு ரெண்டு பக்கமும் ஒன்னாத்தான் வருது.

தேர்டுல போட்டாலும் 60-ல அதே உறுமல். தெரிஞ்ச கேரேஜ்ல பிட்ல விட்டு அளந்தோம். இஞ்சின், கியர்பாக்ஸ் வால் கீழ 3, பினியன் மூக்கு மேல 7. ஷேக்கிள் பழசை விட 2 இன்ச் நீளம், டேப் வச்சுப் பாத்தேன். யூஜேல கை வச்சு ஆட்டுனா ஆட்டம் தெரியல. மவுண்டிங் நல்லாத்தான் இருக்கு. இப்ப பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல ஆப்பு மாதிரி தகடு வச்சு மூக்கை இறக்கிடலாம்னு கேரேஜ்காரர் சொல்றாரு, வைக்கலாமா? எக்ஸ்ட்ரா பட்டையையும் எடுத்துடணுமா?

ஸ்பேனர்செட்

4 டிகிரி வித்தியாசம், உறுமாம என்ன பண்ணும். தகடுக்கு அவசரப்படாதீங்க, மொதல்ல பழைய ஷேக்கிளைப் போடுங்க. உங்க பட்டை ஏறக்குறைய நாலடின்னு வச்சுக்கிட்டா பின்முனை 2 இன்ச் இறங்குனதுக்கே ரெண்டேகால் டிகிரிக்கு மேல சாஞ்சிருக்கும், பழைய ஷேக்கிள் போட்டா மூக்கு நாலே முக்கால் கிட்ட வந்துடும். மீதிக்கு 2 டிகிரி தகடு ஒன்னு போதும், 4 டிகிரியையும் தகட்டுலயே சரி பண்ணப் போனா யூ போல்ட் கோணலா உக்காரும், நடு போல்ட்டும் நீளம் பத்தாது. ஷேக்கிள் மாத்திட்டு திரும்ப அளந்து, ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் தகட்டைப் பத்தி யோசிங்க.

எக்ஸ்ட்ரா பட்டை இருக்கட்டும். அது ரெண்டு முனையையும் சேர்த்துத்தான் தூக்குது, மூக்கைத் திருப்பாது. ஷாஃப்ட் சாய்வு ரெண்டு பக்கமும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆள் இல்லாம தனியா ஓட்டும்போது முதுகுக்குத்தான் கொஞ்சம் தெரியும். அம்பாசிடர்னாலே எல்லாரும் பட்டை மேல பட்டை ஏத்தித்தான் ஓட்டுனாங்க, டாக்ஸி வண்டியெல்லாம் அப்படித்தான்.

இது சரியாகுற வரைக்கும் ஹைவேல இழுக்காதீங்க, இந்தக் கோணத்துல ஓட ஓட நல்ல கிராஸும் தேஞ்சுடும், அப்புறம் நிஜமாவே யூஜே வாங்கணும். தகடு வைக்கிற மாதிரி வந்தா ஸ்டீல்ல வாங்குங்க, அலுமினியம் நசுங்கி விரிசல் விடும். தடிச்ச பக்கம் எங்க வரணும்னு பேப்பர்ல வரைஞ்சு பாத்துட்டு வைக்கச் சொல்லுங்க, திருப்பி வச்சா மூக்கு இன்னும் மேல போயிடும். 300, 400 கிலோமீட்டர் ஓடுனதும் யூ போல்ட்டை ஒரு தடவை திரும்ப இறுக்கிடணும்.

ஈரோடு_அம்பி

சரிங்க. நல்ல வேளை பழைய ஷேக்கிளை எடைக்குப் போடல, டிக்கில சாக்குல சுத்திக் கிடக்கு. சனிக்கிழமை மாட்டி அளந்துட்டு ரீடிங் போடுறேன்.